ஐகான் மறைந்த போலி ஆப்: கணினி வழியாக நீக்குவது எப்படி?

‘உங்கள் வாகனத்துக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஏபிகே ஃபைல் வருகிறது. அவசரத்தில் இன்ஸ்டால் செய்துவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் ஐகானைக் காணோம். ‘ஆப் போயிடுச்சு’ என்று சும்மா இருந்துடாதீங்க. இத்தகைய போலி ஆப்கள் ஐகானை மறைத்துக்கொண்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைத் திருடும்.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் ஆஃப் செய்யுங்கள். பணம் போயிருந்தால் வேறு போனிலிருந்து உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

செட்டிங்ஸில் உள்ள ஆப்ஸ் பட்டியலில் தேடியும் அந்த ஆப் பிடிபடவில்லையா? ஆண்ட்ராய்டு எஸ்டிகேயின் ஒரு சிறு பகுதியான ‘பிளாட்ஃபார்ம் டூல்ஸ்’ உதவும். இது இலவசம். விண்டோஸ் கணினிக்கான வழி இதோ:

1. டெவலப்பர்.ஆண்ட்ராய்டு.காம் தளத்தில் மட்டும் ‘எஸ்டிகே பிளாட்ஃபார்ம் டூல்ஸ்’ ஜிப் ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள். ஜிப்பைப் பிரித்தாலே போதும். தனி செட்டப் கிடையாது.

2. போனில் செட்டிங்ஸ், அபவுட் போன் போய், ‘பில்ட் நம்பர்’ மீது 7 முறை தட்டுங்கள். ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ வரும். அதில் ‘யுஎஸ்பி டீபக்கிங்’கை ஆன் செய்யுங்கள்.

3. கணினியில் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டியில் ‘சிஎம்டி’ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். கட்டளைகளை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

4. போனை கேபிளில் இணைத்து, ‘ஏடிபி டிவைசஸ்’ என்று அடியுங்கள். போன் திரையில் அனுமதி கேட்கும், ‘அலவ்’ கொடுங்கள்.

5. அடுத்து, ‘ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ் -3 -ஐ’. நீங்கள் இன்ஸ்டால் செய்த ஆப்களின் பெயரும், அவை எதன் வழியாக வந்தன என்பதும் தெரியும். பிளே ஸ்டோரில் வந்தவற்றுக்கு ‘காம்.ஆண்ட்ராய்டு.வெண்டிங்’ என்றிருக்கும். அது இல்லாதவற்றைக் கவனியுங்கள். போன் கம்பெனி ஸ்டோரில் வந்தவையும் இதில் இருக்கலாம். பெயரை இணையத்தில் தேடிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

6. ‘ஏடிபி அன்இன்ஸ்டால்’ என அடித்து, இடைவெளி விட்டு அந்தப் பெயரைச் சேருங்கள். ‘சக்சஸ்’ என்று வந்தால் நீங்கிவிட்டது. ‘ஃபெயில்யர்’ என்றால், செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’ பகுதியில் அதன் அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

வேலை முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். வேறு போனிலிருந்து வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

அபராதம் உண்மையா என்று பார்க்க எந்த ஃபைலையும் இறக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வாகன எண்ணைக் கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.