கணவனும் மனைவியும் ஒரே லாரியில்

அமெரிக்காவில் நெடுந்தூர லாரியைத் தம்பதியாக மாறி மாறி ஓட்டப்போகிறீர்களா? இருவருக்குமே கனரக வாகன உரிமம் வேண்டும். தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தவர் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். ஆக, ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்க, வண்டி நிற்பதே அபூர்வம்.

ஓடும் வண்டியில் தூங்கத்தான் முதலில் பழக வேண்டும். இரவு ஓட்டுவது யார் என்பதை அவரவர் தூக்கப் பழக்கத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். படுக்கையில் இருப்பவர் பாதுகாப்புப் பட்டையை மாட்டும்வரை வண்டியை நகர்த்தவே கூடாது. பிரேக்கை மெல்ல மிதியுங்கள். டீசல் போட இறங்கும்போது கதவை அறைந்து சாத்தாதீர்கள். துணையின் தூக்கம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சம்பளம் பெரும்பாலும் மைல் கணக்கில். சொல்லும் தொகை ஆளுக்கா, இருவருக்கும் சேர்த்தா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். ஒரே வண்டியில் இருந்தும் முகம் பார்த்துப் பேச நேரம் கிடைக்காது. தினம் ஒருவேளையாவது இறங்கிச் சேர்ந்து சாப்பிடுங்கள்.