மருமகளுக்கு: அந்தச் சீலிங் ஃபேனைப் பற்றி

கதிரவெளி



உன் குரல் செய்தி கிடைத்தது. கூட அனுப்பிய வீடியோவை இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாந்தரம் பார்த்தது கோபத்தில். அதில் ஒருவன் பழைய சீலிங் ஃபேன் ஒன்றைக் கழற்றிக் கம்பத்தில் ஏற்றுகிறான், காற்று வீசுகிறது, கீழே மேசையில் கொம்பியூட்டர் ஓடுகிறது. "எங்கட விறாந்தை ஃபேனும் சும்மாதானே கிடக்கு மாமா, கழட்டட்டா?" என்று கேட்கிறாய். கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அந்த வீடியோக்காரன் கமெராவுக்கு வெளியே எங்கேயோ ஒரு வயரை ஒளித்து வைத்திருக்கிறான்.

மின்காந்தத் தூண்டலை உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாய், பரடேயின் விதியை என்னைவிட நன்றாக எழுதுவாய். விதியை எழுதத் தெரிந்தவர்கள் ஃபேனின் வயிற்றைத் திறந்து பார்ப்பதில்லை, அதுதான் என் குறை. திறந்து பார். நடுவில் செப்புச் சுருள். சுற்றுகிற வெளிக்கூட்டில் அலுமினியச் சட்டங்கள். காந்தம் எங்கே? கிடையாது. ஃபேன் ஓடும்போது உள்ளே இருக்கும் காந்தப்புலம் சுவர்க் கறண்ட் உண்டாக்குவது. அந்தக் கறண்ட் இல்லாமல் நீ கையால் சுற்றினாலும் சரி, காற்று வந்து சுற்றினாலும் சரி, சுருளை வெட்டிப்போக அங்கே புலமே இல்லை. கெப்பாசிற்றர் போட்டு இப்படியான மோட்டர்களையும் எழுப்பலாம் என்பார்கள். பெரிய மோட்டரில் எழும்பும், இந்தச் சின்ன ஃபேனை நம்பிக் கம்பம் நடாதே. இப்போது கடைகளில் பீ.எல்.டி.சி. என்று வருகிற புது ஃபேன்களுக்குள் காந்தம் உண்டு, அவை சுற்றினால் கறண்ட் தரும். ஆனால் அவற்றின் விலை உனக்குத் தெரியும். அதைக் கழற்றினால் உன் அம்மா என்னைத்தான் கொல்லுவா.

கார் அல்டனேற்றரைப் பூட்டலாம் என்று உன் அண்ணன் சொன்னானாம். குறுக்களவு 1.2 மீற்றர் உள்ள காற்றாடி, செக்கனுக்கு 5 மீற்றர் காற்றில், நன்றாகச் செதுக்கியிருந்தால் நிமிடத்துக்கு 480 சுற்று அளவில் சுற்றும். அல்டனேற்றர் விழித்துக்கொள்ளவே ஆயிரத்துக்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு அதன் புலச்சுருளுக்கும் பற்றரியிலிருந்து தீனி போட வேண்டும். காற்று இல்லாத இரவில் அது உன் பற்றரியைத் தின்றுகொண்டிருக்கும். அண்ணனிடம் சொல்லிவிடு.

காந்தம் உள்ள சாமான் ஒன்று எங்கள் வீடுகளில் எப்போதும் இருந்தது: சைக்கிள் டைனமோ. 6 வோல்ற்று, 3 வாற்று. யுத்த காலத்தில் பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் றேடியோவைச் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். நேரே வயரைக் கொடுத்தால் செய்தியைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கும். நான்கு டயோட்டும் ஒரு கெப்பாசிற்றரும் போட்ட பிறகுதான் மனிதக் குரல் வந்தது. பௌதிகம் எனக்கு அங்கே தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் அது பிறகுதான் வந்தது.

அமெரிக்கப் பண்ணைகளிலும் 1930களில் இதே கதைதான். கறண்ட் கம்பி போகாத வீடுகளில் றேடியோ கேட்கவென்று வின்சார்ஜர் என்கிற 6 வோல்ற்றுக் காற்றாடியை, செனித் றேடியோவோடு சேர்த்து மலிவு விலைக்குக் கொடுத்தார்கள். பிறகு அரசாங்கம் கிராமங்களுக்குக் கம்பி இழுத்தது, காற்றாடிகள் துருப்பிடித்தன. இதைச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டுக் காற்றாடி பெரும்பாலும் முதலில் சுமந்தது சின்னச் சுமையை. மலாவியின் வில்லியம் கம்குவம்பாவைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு நீ அழுததாக அம்மா சொன்னா. படத்தில் காற்றாடி கட்டியதும் தண்ணீர் பாய்ந்து வயல் பச்சையாகிறது. உண்மையில் சைக்கிள் சட்டமும் டைனமோவும் உருக்கித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாயும் கொண்டு அந்தப் பையன் முதலில் செய்தது 12 வாற்றுக் காற்றாடி. வீட்டுக்கு விளக்கு எரிந்தது, றேடியோ பாடியது. பம்பு எல்லாம் பிறகு. 12 வாற்று என்றால் படம் எடுக்க முடியாது என்று நினைத்தார்களாக்கும்! எனக்கு அந்த 12 வாற்றுத்தான் பெரிது.

இனி உன் கொம்பியூட்டருக்கு எவ்வளவு வேண்டும் என்று பார். மேசைக் கொம்பியூட்டரும் திரையும் சேர்ந்து 100 முதல் 150 வாற்று. நான் சொன்ன 1.2 மீற்றர் காற்றாடியின் வட்டத்தைக் கடக்கிற 5 மீற்றர் வேகக் காற்றில் 85 வாற்று அளவில் இருக்கும். அதில் 59.3 வீதத்துக்கு மேல் எவராலும் பிடுங்க முடியாது என்று நூறு வருசத்துக்கு முன்னமே அல்பேட் பெற்ஸ் என்ற ஜேர்மன்காரர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வீட்டில் செய்ததில் கால்வாசி கிடைத்தால் கெட்டிக்காரி. ஆக 21 வாற்று. காற்று 3 மீற்றருக்கு இறங்கினால் 5 வாற்றுக்கும் கீழே. 10 மீற்றருக்கு ஏறினால் 170. வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு, மூன்றாம் அடுக்கு.

இந்த மூன்றாம் அடுக்கில்தான் என் பைத்தியம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேள். "எங்கட பக்கம் சராசரிக் காற்று இவ்வளவு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சராசரியை வைத்துக் காற்றாடி செய்ய முடியாது. அரைநாள் 2 மீற்றர், அரைநாள் 8 மீற்றர் வீசினால் சராசரி 5. ஐந்தின் கனம் 125. ஆனால் இரண்டின் கனம் 8, எட்டின் கனம் 512, இரண்டுக்கும் சராசரி 260. ஒரே சராசரிக் காற்று, இரட்டிப்பு வலு! ஆகவே காற்றை மணிக்கு மணி, முடிந்தால் நிமிடத்துக்கு நிமிடம் எண்ண வேண்டும். மனிதரால் ஆகிற வேலையா அது? கொம்பியூட்டர் செய்யட்டும். காற்றாடியால் கொம்பியூட்டரை ஓட்டப் பார்க்கிறாய் நீ. கொம்பியூட்டரை வைத்து முதலில் காற்றை எண்ணு என்கிறேன் நான்.

காற்றை எண்ணும் கருவி செய்வது சுகம். பிளாஸ்டிக் பந்துகளைப் பிளந்து மூன்று அரைக் கிண்ணங்கள். சுழல்வதற்குப் பழைய வீ.சீ.ஆர். தலையுருளை, அதைப்போல வழுக்கும் பெயாரிங் கடையில் கிடைக்காது. அடியில் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்தில் ரீட் சுவிச். சுற்றுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டை ஆர்டுயினோ எண்ணும். அந்தப் பலகை 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்கென்று பிறந்தது, உன்னைப் போன்றவர்களுக்காகத்தான். போன் சார்ஜரிலேயே ஓடும். எழுதி வைக்க ஒரு மெமறி கார்ட்.

எண்ணியதை வேகமாக மாற்றத்தான் எல்லாரும் சறுக்குவார்கள். இந்தக் கிண்ணக் கருவியை 1846இல் செய்த அயர்லாந்துக்காரர் ரொபின்சன், கிண்ணங்கள் எந்த அளவில் இருந்தாலும் காற்றின் மூன்றிலொரு பங்கு வேகத்தில்தான் போகும் என்று நம்பினார். பிழை. வானியல் படித்த பெரிய மனிதர், தன் கருவியைச் சரியாக அளக்கவில்லை. நீ அளந்துபார். காற்று அசையாத விடியற்காலையில் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் ஏறி, கருவியைத் தடியில் கட்டி முன்னுக்கு நீட்டிப் பிடி. மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில் மணிக்கு 36 கிலோமீற்றரில் போகச் சொல். அது செக்கனுக்குச் சரியாக 10 மீற்றர். வெருகல் பக்கம் போகும்போது ஒரு எண்ணிக்கை, திரும்பி வரும்போது ஒரு எண்ணிக்கை, இரண்டுக்கும் நடு எடு. ஹெல்மெட் போடு. மாடு குறுக்கே வரும்.

நான் இப்படி எண்ணத் தொடங்கிய பிறகுதான் என் முற்றத்தைப் பற்றிய பெருமை போனது. கச்சான் வீசும்போது தென்னை ஆடுகிறதைப் பார்த்துக் காற்று கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். (கச்சான் என்றதும் உனக்குக் கோயில் திருவிழாக் கடலைதான் ஞாபகம் வரும். இது மேல்காற்று.) தென்னை உச்சியில் காற்று கிடக்கிறது. கீழே, கூரை மட்டத்தில், நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. பாதி வேகம் என்றால் எட்டில் ஒரு பங்கு வலு. மரத்தையும் கூரையையும் நன்றாகத் தாண்டிக் கம்பம் நிற்காவிட்டால் காற்றாடி அழகுப் பொருள்தான்.

கம்பம் என்றதும் என் வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். என் முதல் காற்றாடிக்கு, பெருங்காற்றில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மடிவால் வைக்கவில்லை. வாடை தொடங்கிய ஒரு ராத்திரி, பற்றரி நிரம்பிவிட்டதென்று வயரைக் கழற்றினேன். சோலரை அப்படிக் கழற்றலாம். காற்றாடியைக் கழற்றக்கூடாது. சுமை போனதும் அது பிய்த்துக்கொண்டு சுற்றியது, ஒரு இறகு பக்கத்து வளவு மாமரத்தில் போய்ச் செருகியது. நல்லவேளை, இராத்திரி. மிஞ்சுகிற கறண்டைக் குடிக்க எப்போதும் ஒரு சுமை இருக்க வேண்டும், கம்பம் சரித்து இறக்கக்கூடியதாய் இருக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களிடம் கேள், இந்தக் கரையில் இறக்க முடியாத கம்பம் எவ்வளவு பெரிய மடத்தனம் என்று சொல்லுவார்கள்.

செய்முறைக்கு நான் படித்தது ஸ்கொட்லாந்தின் ஹியூ பிகொட் எழுதியவற்றை. அவர் இருக்கிற ஸ்கொறேக் என்ற இடத்துக்கு வீதி கிடையாது, நடந்தோ படகிலோதான் போகலாம், கறண்ட் கம்பியும் இல்லை. வெருகலில் ஆற்றைப் பாதைப்படகு ஏறிக் கடந்த காலம் தெரிந்த எனக்கு அந்த ஊர் அந்நியமாகப் படவில்லை. இலங்கையிலும் பெருவிலும் உள்ள பட்டறைகளில் செய்யவென்றே 2001 அளவில் அவர் ஒரு சிறு ஜெனரேட்டருக்குச் செய்முறைப் புத்தகம் எழுதினார். இரண்டு காந்தத் தட்டுகள், நடுவே ரெசினில் வார்த்த சுருள்கள். அவர் போட்டது கறுப்பு ஃபெரைற் காந்தம். பலர் இப்போது நியோடைமியம் வாங்குகிறார்கள். வலு அதிகம், ஆனால் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் எங்கள் உப்புக்காற்று அதை மாவாக்கிவிடும்.

கொம்பியூட்டருக்கு வருகிறேன். 12 வோல்ற்றுப் பற்றரியை இன்வேர்ட்டரால் 230 ஆக்கி, அதைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தால், அது தன் பெட்டிக்குள் திரும்ப 12க்கும் 5க்கும் 3.3க்கும் இறக்கும். சந்தைக்குப் போன மீன் திரும்பக் கடலுக்கு வந்த மாதிரி. ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு, இன்வேர்ட்டர் சும்மா இருக்கவும் தின்னும். மேசைக் கொம்பியூட்டரை விடு. பழைய லப்டொப் 20, 30 வாற்றில் ஓடும். 12ஐ 19 ஆக ஏற்றுகிற சின்னப் பலகையால் நேரே கொடு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடு, பாரமில்லாத லினக்ஸ் ஒன்றை ஏற்று. ரௌட்டரையும் நேரே பற்றரியில் ஓட்டலாம். ஆனால் சார்ஜ் ஆகும்போது பற்றரி 14 வோல்ற்றைத் தாண்டும், நடுவில் ரெகுலேற்றர் இல்லாவிட்டால் ரௌட்டர் கருகும்.

என் லப்டொப்பில் இன்ரநெற் இல்லாமலே ஓடுகிற கிவிக்ஸ் இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியா முழுக்க அதற்குள். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்திலிருந்து இறக்கி வைத்த பழைய ஈழத்துச் சஞ்சிகைகளும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது நான் அவற்றைத்தான் வாசித்தேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்றார்களே, அன்றும் வாசித்தேன்.

எதில் வாசித்தேன் என்று கேட்பாய். சோலரில். ஒளிக்க ஒன்றுமில்லை, இன்றைய விலைக்கு ஒரு 100 வாற்றுப் பலகை என் காற்றாடியைத் தோற்கடிக்கும், அசையும் உறுப்பும் அதில் இல்லை. மன்னாரில் ஒரே காற்றாலைப் பண்ணையில் 30 பெருங்காற்றாடிகள் நின்று 103.5 மெகாவாற்றுக்குச் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் காற்று வேறு, அந்தக் கணக்கும் வேறு. மாரியில் நாள்கணக்காக மழை மூடியிருக்க, வாடை வீசும் இரவுகளில் மட்டும் என் காற்றாடி தன் சோற்றைத் தான் உழைக்கும். கறண்ட் பில் குறைக்க வேண்டுமென்றால் சோலர் வாங்கு. செய்து பார்க்க ஆசை என்றால் வா, சேர்ந்து செய்வோம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காசைக் கரைக்காதே.

தவணை விடுமுறைக்கு வரும்போது ஒரு மாதக் காற்று எண்ணிக்கையோடு வா. கச்சான் மாதமா வாடை மாதமா என்று கொப்பியின் மேலே எழுது. தச்சனிடம் சொல்லி இறகுக்கு மரம் எடுத்து வைக்கிறேன். திறந்து பார்க்க ஃபேனைக் கழற்றினால், அம்மா காணமுன் திரும்பப் பூட்டிவிடு. கெப்பாசிற்றர் வயரை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும், பார்த்துக் கொடு.

இப்படிக்கு,
மாமா