டயரின் உள்பக்கத்தையும் பாருங்க!



எங்க வீட்டு காருக்கு முன் டயர் இரண்டும் மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல. பஞ்சர் ஒட்டக் கழட்டினப்போ கடைக்காரர் டயரைத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் காடியெல்லாம் நல்லா ஆழமா இருக்கு. உள்பக்க ஓரத்துல ரப்பர் போய் கம்பி எட்டிப் பார்க்குது! அதுக்கு முந்தின வாரம்தான் அதே டயர்ல, மழையில, பைபாஸ்ல நாலு பேர் போயிட்டு வந்திருந்தோம். முன்னாடி இருந்த ஜோடியும் இப்படித்தான் தேஞ்சுதுன்னு அப்பா அப்பதான் சொன்னார். பழைய டயரை மாத்தினோம், காரணத்தை வண்டியிலேயே விட்டுட்டோம்.

டயர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்ந்தால் அது வயசு. ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்தால் அது ஒரு கோளாறின் அறிகுறி. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போம்.

முதலில் அளவு

முதல் வருஷம் லேப்ல வெர்னியர் காலிப்பர் பிடிச்சிருப்பீங்க. அதன் வால்பக்கம் நீளுமே ஒரு மெல்லிய கம்பி, அதுதான் ஆழம் அளக்க. டயரின் காடியை அளக்க அதுவே போதும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாத் திருப்புங்க. முன் டயரின் உள்பக்கம் வெளியே தெரியும். ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு காடி. சுற்றளவில் மூணு இடம். ஆக, ஒரு டயருக்கு 9 அளவுகள். நோட்ல அட்டவணையா எழுதுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீங்க.

புது கார் டயரில் காடியின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். காடிக்குள்ளே குறுக்கே சின்ன ரப்பர் மேடு ஒண்ணு தெரியும். அதன் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துட்டா, கண்டிப்பா மாத்தணும். மழைத் தண்ணியை ஒதுக்கி வெளியே தள்ளுறது காடியின் வேலை. ஆழம் குறைஞ்சா டயர் தண்ணி மேலே மிதக்கும். அப்போ பிரேக்கும் கேட்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது.

எங்கே தேய்மானம், என்ன காரணம்

*நடுவில் மட்டும்:* காத்து அதிகம். டயர் நடுவில் உப்பி, எடை முழுக்க அங்கே இறங்குது. ஸ்டீல் பெல்ட் உள்ள ரேடியல் டயரில் இது கொஞ்சம் குறைவாத்தான் தெரியும்.

*இரண்டு ஓரமும்:* காத்து குறைவு. நடுப்பகுதி உள்வாங்க, ஓரங்கள் எடையைச் சுமக்குது. அதோட, பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகும். கோடையில், முழு லோடில், ஹைவே வேகத்தில் டயர் வெடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

*ஒரு ஓரம், தடவினால் ரம்பப் பல் மாதிரி:* உள்ளங்கையை டயரின் குறுக்கே இரண்டு திசையிலும் மெதுவா நகர்த்துங்க. கம்பி தெரியும் டயரில் கை வைக்காதீங்க. ஒரு திசையில் வழவழன்னும், எதிர்த்திசையில் சொரசொரன்னும் இருந்தா, அது டோ கோளாறு. சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தா டோ-இன், வெளிப்புற ஓரம் தேயும். வெளிநோக்கி இருந்தா டோ-அவுட், உள்புற ஓரம் தேயும்.

*ஒரு ஓரம், ஆனா வழவழன்னு:* கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு. பல சின்ன கார்களில் கேம்பரைத் திருத்த வசதியே இருக்காது. அது மாறியிருந்தா ஏதோ பாகம் வளைஞ்சிருக்கு அல்லது தேஞ்சிருக்குன்னு அர்த்தம். பள்ளத்தில் விழுந்த லோயர் ஆர்ம், ஆடிப்போன புஷ், ஸ்ட்ரட்னு தேடணும்.

*இடைவெளி விட்டுத் திட்டுத் திட்டா:* ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், வீல் பேலன்ஸும் தப்பியிருக்கலாம். ஷாக் பலவீனமானா சக்கரம் ரோட்டில் துள்ளித் துள்ளி ஓடும். வண்டியின் மூலையை அமுக்கி விடுங்க. ஒரு தடவை எழும்பி நிக்காம ஆடிக்கிட்டே இருந்தாலும், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தாலும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

காத்துக் கணக்கு

தெர்மோடைனமிக்ஸ் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு இது. காலையில் 30 டிகிரியில் கேஜ் 33 பி.எஸ்.ஐ. காட்டுதுன்னு வைங்க. வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்தா தனி அழுத்தம் 47.7. ஓடி ஓடி உள்ளே இருக்கிற காத்து 60 டிகிரிக்குப் போகுது. கன அளவு மாறலைன்னா, 47.7-ஐ 333-ஆல் பெருக்கி 303-ஆல் வகுங்க. 52.4 வரும். கேஜ் 37.7 காட்டும்.

"அய்யோ, அதிகமா இருக்கே"ன்னு சூட்டோட 33-க்கு இறக்கினா, மறுநாள் காலையில் 29-க்கும் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும். அதனால, வண்டி குறைஞ்சது மூணு மணி நேரம் நின்ன பிறகே காத்து பாருங்க. எவ்வளவு வைக்கணும்னு டிரைவர் கதவுப் பக்கத்துத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் இருக்கிறது அதிகபட்ச அழுத்தம், அதை வைக்கக்கூடாது.

டோ கணக்கு

சக்கரம் போகவேண்டிய திசையிலிருந்து வெறும் 0.25 டிகிரி திரும்பி நிக்குதுன்னு வைங்க. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா சைன் 0.25 டிகிரி 0.00436. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுது. 10,000 கி.மீ. ஓடினா சுமார் 44 கி.மீ.! ஒரு டயரை அவ்வளவு தூரம் குறுக்கா இழுத்துட்டுப் போனா என்ன ஆகும்? எங்க வீட்டு டயருக்கு ஆனதும் அதுதான்.

வரிசை முக்கியம்

எங்க வண்டியில் டை ராட் எண்ட் ஆட்டம் கண்டிருந்தது. அதைப் பார்க்காம முந்தின தடவை அலைன்மென்ட் மட்டும் பண்ணியிருந்தாங்க. ஆடுற பாகத்தை வச்சுக்கிட்டு பண்ற அலைன்மென்ட், மெஷினை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்ததும் மாறிப்போகும். அதனால:

1. முதலில் பால் ஜாயின்ட், டை ராட், புஷ், ஷாக் செக்கப். தேஞ்சதை மாத்துங்க.
2. அப்புறம் புது டயர், வீல் பேலன்ஸிங்.
3. கடைசியா காத்து சரிபார்த்து அலைன்மென்ட். முன், பின் அளவுகள் உள்ள பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்க.

மாசம் இரண்டு தடவை காத்து பாருங்க, ஸ்டெப்னிக்கும் சேர்த்து. 8,000 முதல் 10,000 கி.மீ.க்குள் டயர்களை இடம் மாத்துங்க. முன்சக்கர இழுவை உள்ள காரில் முன் டயர்கள் நேரா பின்னுக்கும், பின் டயர்கள் குறுக்கே மாறி முன்னுக்கும் வரணும். பக்கச்சுவரில் சுழற்சித் திசை அம்புக்குறி இருந்தா, அதே பக்கத்திலேயே முன்பின் மட்டும் மாத்துங்க. பெரிய பள்ளத்தில் சக்கரம் விழுந்தா, கிலோமீட்டர் கணக்குப் பார்க்காம அலைன்மென்ட் செக் பண்ணுங்க.

இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா? வீட்டில் காரோ, மாமாவோட டாக்ஸியோ இருந்தா, ஸ்டீயரிங்கைத் திருப்பி உள்பக்கம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த மழைக்கு முன்னாடி முடிச்சிடுங்க.