குழித்துறைச் சரக்குக்கு எந்த வண்டி?

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் லோடு வண்டி வாங்கக் கிளம்புகிறவர்கள் விலையையும் மைலேஜையும் விசாரித்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: நாம் அன்றாடம் ஏற்றும் சரக்கில் முதலில் தீர்வது வண்டியின் எடைத் தாங்குதிறனா, இடமா?

குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் சுமார் 750 கிலோ தாங்கும். அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன். மகிந்திரா பொலேரோ பிக்கப், மாடலைப் பொறுத்து 1.3 டன்னோ அதற்கு மேலோ. ஆனால் உங்கள் வண்டிக்கான சரியான கணக்கு ஆர்.சி.யில்தான் இருக்கிறது. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். சட்டப்படி அந்த வெற்று எடையில் டிரைவரும் உதவியாளும் சேர்த்தியில்லை. இருவருக்கும் 140 கிலோ, பட்டறையில் அடித்துப் போட்ட இரும்புக் கூட்டுக்கு ஓர் 60 கிலோ போனால், 750-இல் மிச்சம் 550. எட்டு அங்குல ஹாலோ பிளாக் ஒன்றுக்கு 20 கிலோ வைத்தால்கூட 27 கல்லுக்கு மேல் ஏற்றக் கூடாது. தொட்டி பாதிகூட நிரம்பியிருக்காது. அந்தக் காலி இடம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

ஆகவே கல், சிமென்ட், ரப்பர் பால் ஏற்றுகிறவர்கள் ஏஸை மறந்துவிடலாம். 200 லிட்டர் பீப்பாய்ப் பால் ஏறக்குறைய 200 கிலோ. மூன்று பீப்பாய்க்கே கணக்கு மீறும். இவர்களுக்கு தோஸ்தோ பிக்கப்போதான் சரி. எம்-சாண்டுக்கு அவையும் போதாது. அரை யூனிட்டே இரண்டு டன்னைத் தாண்டும். டிப்பரை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

தேனீ வளர்ப்பவர்களின் கதை நேர் எதிர். இரவில் பெட்டிகளின் வாசலை அடைத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும்போது எடை குறைவு, இடம்தான் பிரச்சினை. பெரிய பிக்கப் எடுத்தால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். ஒன்றரை டன்னுக்கென்று அமைத்த பட்டை ஸ்பிரிங் குறைந்த லோடில் வளையாது. பள்ளத்தில் விழும் ஒவ்வோர் அதிர்வும் நேரே பெட்டிக்குப் போகும், புது அடை ஒடிந்துவிடும். பழுத்த மட்டிக் குலைக்கும் இதே கதிதான். இந்த இரண்டுக்கும் என் தேர்வு ஏஸ்தான். தோட்டத்து ஒடுங்கிய மண்பாதையில் திருப்புவதும் எளிது.

எந்த வண்டியானாலும் கனத்தைப் பின்னச்சுக்குப் பின்னால் குவிக்காதீர்கள். அருமனை, கடையாலுமூடு ஏற்றங்களில் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு லோடு அடிப்பவர்கள் மொத்த எடையை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

இப்போது வாடகைக்குப் பிடிக்கும் வண்டியை வழக்கமான லோடோடு ஒருநாள் எடைமேடையில் ஏற்றி, சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமுக்குப் போகும்போது அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும்.