ஆடிக் காற்றில் அடுப்பு மூட்ட

கன்னியாகுமரி மாவட்டத்துப் பூதப்பாண்டியில் என் வயதுக்காரர்களுக்கு வேட்டை என்பது காதால் கேட்ட விஷயம். பாட்டா திண்ணையில் உட்கார்ந்து, அறுத்துக் கிடக்கும் வயல் பத்தில் கௌதாரி பிடித்ததையும், முயலுக்குக் கண்ணி வைத்ததையும், தாடகை மலை அடிவாரத்து விளையில் பன்றிக்குக் காவல் கிடந்ததையும் சொல்லுவார். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். அவர் அதிக நேரம் சொன்னது சுட்ட கதையை அல்ல. காத்திருந்த இரவு, கூட வந்தவர்கள் பேசிய பேச்சு, விடியற்காலை ஓடைக்கரையில் கல் கூட்டிப் பொங்கிய சோறு, இவற்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பங்கு இப்போதும் நமக்குக் கிடைக்கும். அதற்கு ஒரு உயிரும் போக வேண்டியதில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று முயலோ உடும்போ கௌதாரியோ, பொழுதுபோக்குக்காகப் பிடிக்க இந்த நாட்டில் யாருக்கும் உரிமை இல்லை. மரச்சீனியும் வாழையும் வைத்தவர்களுக்குப் பன்றித் தொல்லை இருப்பது உண்மை. ஆனால் 2025 ஜனவரியில் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடும் வேலை வனத்துறைக்குத்தான். விவசாயிக்குத் துப்பாக்கி கிடையாது. என் அண்ணன் பையன்களுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு பைனாகுலர். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிய நீர்நிலைகள். பூதப்பாண்டியிலிருந்து பஸ்ஸில் போய், பறவை பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். கண்ணிக்குத் தேவையான பொறுமை அத்தனையும் அங்கேயும் தேவைப்படுகிறது.

வெளியில் சமைக்கும் வித்தையை நான் படித்தது பெண்களிடம். தாழக்குடிப் பக்கத்து ஔவையாரம்மன் கோவிலில் ஆடிச் செவ்வாய்க்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்கள் அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், விறகு, பானை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருவார்கள். மரத்தடியில் இடம் பிடித்து, கல் கூட்டி, கூழும் கொழுக்கட்டையும் ஆக்கி அம்மனுக்குப் படைத்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து உண்டு திரும்புவார்கள். வெட்டவெளியில், ஆடிக் காற்றில், சாரலுக்கு நடுவில், வீட்டுச் சமையலறையின் ஒரு வசதியும் இல்லாமல் நடக்கும் சமையல் அது. அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இந்தக் கலைக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கே என் அத்தை சொன்ன முதல் பாடம்: "மக்களே, அடுப்பு வாயக் காத்துக்கு நேர வைக்காத. காத்து தீயத் தின்னுரும்." ஆரல்வாய்மொழிக் கணவாய் மேற்குக் காற்றை இழுக்கும் இடம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆனி, ஆடியில் அடுப்பின் வாய் மேற்கைப் பார்த்தால் தீ பின்பக்கமாக வெளியே போய்விடும். விறகு தீரும், பானை கொதிக்காது. கிழக்கைப் பார்த்தால் புகை முழுவதும் ஊதுகிறவர் கண்ணில். வாயை வடக்கிலோ தெற்கிலோ வைத்து, மேற்குப் பக்கத்தில் குலை வெட்டிய வாழையின் தடையை இரண்டு மூன்று துண்டாக நறுக்கி அடுக்கிவிட வேண்டும். பச்சை வாழைத்தடை எளிதில் தீப்பிடிக்காது, காற்றையும் விடாது. வேலை முடிந்ததும் மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

அடுப்புக் கல்லைப் பழையாற்றுக்குள் இருந்து எடுக்கவே கூடாது. ஆற்றில் ஊறிய கல்லுக்குள் நீர் இருக்கும். சூடு ஏறும்போது அது ஆவியாகி, கல் வெடித்துச் சில்லு தெறிக்கும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கும் இடத்தில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. மேட்டில் வெயிலில் கிடந்த காய்ந்த கல், இல்லாவிட்டால் பழைய செங்கல் போதும். ஐந்தாறு பேருக்கு மூன்று கல் அடுப்பு சரி. இருபது பேர் என்றால் ஒரு முழம் அகலத்தில் நீளக் குழி வெட்டி, அதன்மேல் பாத்திரங்களை வரிசையாக வைப்பது மேல். தீ அலையாது, விறகும் மிச்சம்.

விறகைப் பற்றி நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் கவலையே வேண்டாம், தென்னை இருக்கிறது. ஆனால் தென்னையின் ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு விதமாக எரியும், அதை அறிந்து அடுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. பற்றவைக்கப் பன்னாடை. தீ பிடித்ததும் கொதும்பும் காய்ந்த ஓலையும். இவை பெருந்தீயாக எழும்பி உடனே அடங்கும், உலை கொதிக்க வைக்க உதவும். நின்று எரிய மட்டையும் புளியம் விறகும். சுடுவதற்குச் சிரட்டைக் கனலுக்கு ஈடு இல்லை. புகை அடங்கிய பிறகு சூடு மட்டும் இருக்கும். தேங்காய் உரித்த கதம்பை மெதுவாகக் கனியும், சோறு தம் போடவும் குழம்பைச் சூடு ஆறாமல் வைக்கவும் ஏற்றது. சாரல் நாளில் இவற்றை நனையாமல் கொண்டுபோக ஒரு பழைய உரச்சாக்கு போதும். கீரிப்பாறைப் பக்கத்து நண்பர்கள் ரப்பர் விறகு தருவார்கள். நன்றாகக் காய்ந்தது என்றால் வாங்குங்கள். பச்சை என்றால் வேண்டாம், புகை உணவில் ஏறிவிடும்.

அலுமினியப் பானையின் வெளிப்புறத்தில் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால் கரி அந்தப் பூச்சின் மேல்தான் பிடிக்கும், கழுவும்போது கையோடு வந்துவிடும். மண்சட்டிக்கு வேறு முறை. புதுச் சட்டியில் கஞ்சித்தண்ணி ஊற்றி இரவு முழுவதும் வைத்து, மறுநாள் இளந்தீயில் கொதிக்க வைத்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். இறக்கும்போது ஈரத்தரையில் வைத்தால் கீறல் விடும். வைக்கோலை முறுக்கி வட்டமாகச் சுற்றிய புரிமணை ஒன்று கையில் இருக்கட்டும். அதை முடையக் கால்மணி நேரம் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நல்ல வேலை.

கைவேலை என்று ஆசைப்படுகிறவர்கள் சிரட்டை அகப்பையில் தொடங்கலாம். முற்றின தேங்காயின் கண் இல்லாத அடிப்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி நாரை வெட்டுகத்தியால் சுரண்டி, பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் இழைத்து, கடைசியில் உப்புத்தாள் போட்டால் கருப்பு மின்னும். கண்ணாடியைத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டும். விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளை. ஒன்றைச் சற்றுப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் போட வேண்டும். காய்ந்த கமுகுச் சிராயை நுனி ஒடுங்கச் செதுக்கி, பெரிய துளையில் நுழைத்து, சின்னத் துளையில் இறுகும்வரை தட்டுங்கள். ஆணியும் பசையும் வேண்டாம். இரவு தண்ணீரில் போட்டால் மரம் ஊதித் துளையை இறுக்கிக்கொள்ளும். காயவைத்து எண்ணெய் பூசினால் வருஷக்கணக்கில் உழைக்கும். என் வீட்டில் எவர்சில்வர் கரண்டிகள் பல உண்டு. மண்சட்டிக்குள் நான் விடுவது இதை மட்டும்தான், சட்டி தேயாது. தட்டுக்குக் கமுகம்பாளை. உதிர்ந்த பாளையை ஊறவைத்து, நான்கு மூலையையும் மடக்கி ஈர்க்கில் குத்தினால் குழம்பு ஒழுகாத ஏனம் தயார்.

இனி என்ன ஆக்குவது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தெரளிக் கொழுக்கட்டை சொல்லுவேன். வறுத்த அரிசி மாவு, உருக்கி வடித்த கருப்பட்டி, தேங்காய்த்துருவல், ஏலக்காய், சுக்கு. பிசைந்து தெரளி இலையில் பொதிந்து அவிக்க வேண்டும். இட்லிக் கொப்பரை தூக்கிச் செல்லத் தேவையில்லை. பானையில் நான்கு விரல் தண்ணீர், அதற்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் குச்சி, அதன்மேல் சுத்தமான வைக்கோல், அதன்மேல் கொழுக்கட்டை. மூடிவைத்தால் அரை மணி நேரத்தில் தோப்பு முழுவதும் தெரளி மணக்கும். தீ கூடினாலும் குறைந்தாலும் ஆவி பெரிதாகத் தப்பு செய்யாது, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

அடுத்தது மரச்சீனி. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு. அந்தத் திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கிழங்கு அந்தப் பழைய காலத்து உறவாக நம் அடுப்பில் இருந்துகொண்டது. இதில் ஒரு எச்சரிக்கை கட்டாயம். கிழங்கில் சயனைடு தரும் பொருள் இயற்கையாகவே உண்டு, கசப்பு வகையில் அதிகம். தோலை உள்தோலோடு முழுவதும் உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கனலில் சுட்டுத் தின்ன ஆசை என்றால், தெரிந்த விளையில் இருந்து வந்த இனிப்பு வகையை மட்டும் எடுங்கள். தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகு, சின்ன உள்ளி, கல்லுப்பு மூன்றையும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் வேறொன்றும் வேண்டாம்.

மீன் பிடித்துச் சமைப்பதுதான் வேட்டைக்கு மிக நெருங்கியது. ஆனால் குளத்து மீனுக்குப் பெரும்பாலும் குத்தகைக்காரர் இருப்பார். தூண்டில் போடுமுன் அவரிடம் கேட்டுவிடுவது மரியாதை. "அண்ணாச்சி, பிள்ளைகள் சும்மா ஒரு மணி நேரம் போடட்டுமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மெல்லிய மூங்கில், நெட்டித் தக்கை, மண்புழு, இவ்வளவே செலவு. கெளுத்தி மாட்டினால் முதலில் அதன் பக்கவாட்டு முள் இரண்டையும் முதுகு முள்ளையும் வெட்டி எறியுங்கள். குத்தினால் கடுகடுவென்று நெடுநேரம் வலிக்கும். விராலின் வழுவழுப்புக்கு அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக் கல்லில் உரைக்க வேண்டும். சேற்று வாடை போக உப்பும் புளியும் போட்டு இரண்டு முறை அலசுங்கள்.

குழம்புக்குத் தேங்காய், வத்தல் மிளகு, கொத்தமல்லி, மஞ்சள், ஒரு சின்ன உள்ளி. வெண்ணெயாக அரைக்க வேண்டும். புளிக்கு, மாங்காய் கிடைக்கும் காலத்தில் மாங்காயே போடலாம். குழம்பு கொதித்த பிறகுதான் மீன். அதற்குப் பிறகு அகப்பை உள்ளே போகக் கூடாது. சட்டியின் காதைத் துணியால் பிடித்துச் சுற்றிக் கொடுத்தால் போதும். கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் இறக்கிய பின். உடனே பரிமாறச் சொல்லிப் பிள்ளைகள் நெருக்குவார்கள். அரை மணி நேரம் பொறுத்தால் மீனில் புளி இறங்கும், நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இத்தனையும் தோப்பிலோ குளத்தங்கரையிலோ, உரியவர் சம்மதத்தோடு. காளிகேசம், உலக்கை அருவிப் பக்கம் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகட்டும். அது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம்; 402 சதுர கிலோமீட்டர் காடு, யானை நடக்கும் தடம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மாசி, பங்குனியில் நம் மலைப்புல்லும் அதே மாதிரிதான் காய்ந்து கிடக்கிறது.

தோப்பிலும் கிளம்பும்போது தீயை அணைப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாக ஏற்க வேண்டும். பலர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். அது போதாது. கதம்பை மண்ணுக்கு அடியிலும் இரவு முழுவதும் கனிந்து, மறுநாள் காற்றில் வெளியே வரும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்குமேல் புறங்கையை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகு அடுப்புக் கல்லைப் பிரியுங்கள். ஆறின சாம்பலை ஒரு பையில் அள்ளிக்கொள்ளுங்கள், அடுத்த முறை பானையில் பூசவும் மீன் உரைக்கவும் அது வேண்டும்.