முதல் மேக்ரோ லென்ஸ் வாங்குமுன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது பழமொழி. சிறியவை பெரிய வேலை செய்யும் என்பதற்கு நம் விழுப்புரம் மாவட்டத்தில் நல்ல சான்று மல்லாட்டைச் செடியின் இலை. நிலக்கடலைக்கு நம் பக்கத்தில் மல்லாட்டை என்றுதானே பெயர்! திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நாம் அறிவோம். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்களின் பெயரில் ஒளிந்திருப்பது திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரே.

அந்த மல்லாட்டை இலையில் ஒரு நாள் பழுப்புப் புள்ளி விழுகிறது. அது டிக்கா என்னும் பூஞ்சாண நோயாக இருக்கலாம். இலைக்குள் புகுந்து தின்னும் சுருள் பூச்சியின் புழுவாகவும் இருக்கலாம். அதன் வேலையும் தொடக்கத்தில் சிறு பழுப்புப் புள்ளியாகவே தெரியும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பூச்சிக்குத் தெளிக்கும் மருந்து பூஞ்சாணத்தைத் தடுக்காது. மாற்றி வாங்கினால் கைக்காசும் போகும், நாளும் போகும், இலையும் உதிரும். எனவே சிறியதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் வெறும் விளையாட்டுப் பொருள் அன்று.

தோழியர் பலர் உண்டியலில் சேர்த்த பணத்தைக் கொண்டு மேக்ரோ லென்ஸ் வாங்க விரும்புகிறார்கள். "எது நல்ல லென்ஸ்?" என்று கேட்கிறார்கள். "நான் எதைப் பார்க்கப் போகிறேன்?" என்று முதலில் கேட்டுக்கொண்டால், பாதிப் பணம் மிச்சமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மேக்ரோ என்றால் என்ன?

நம் கண் ஒரு பொருளைத் தெளிவாகக் காண, அப்பொருள் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தொலைவிலாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் கிட்டக் கொண்டுவந்தால் மங்கும். காமிரா லென்ஸுக்கும் இப்படி ஒரு கிட்ட எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிக் கிட்டே போக உதவுவதே மேக்ரோ லென்ஸ்.

பொருள் எவ்வளவு பெரியதோ அதே அளவு பிம்பம் காமிராவின் உள்ளேயிருக்கும் உணரியில் விழுந்தால், அதை ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். இதுவே முழு மேக்ரோ. பல காமிராக்களில் உணரியின் அகலம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்பு அசுவினி ஒன்றை ஒன்றுக்கு ஒன்றில் எடுத்தால், அது படத்தின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கே இருக்கும். பட்டாம்பூச்சியின் இறக்கையோ படத்துக்குள் முழுதும் அடங்காது. ஆகவே எவ்வளவு பெருக்கம் தேவை என்பது பார்க்கப்படும் பொருளைப் பொறுத்தது.

தனி ஒற்றை லென்ஸைக் கொண்டே உலகை வியக்க வைத்தவர் ஆலந்து நாட்டு லீவன்ஹூக். டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த அவர், தம் கையால் தேய்த்த சிறு லென்ஸ்களால் நுண்ணுயிர்களைக் கண்டார். 1673-ஆம் ஆண்டு முதல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதங்கள் எழுதினார். காமிராவுக்கான மேக்ரோ லென்ஸ்கள் மிகப் பிந்தியவை. கில்ஃபிட் நிறுவனம் 1955-இல் மேக்ரோ கிலார் லென்ஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜப்பானின் நிக்கான் நிறுவனம் மைக்ரோ நிக்கார் லென்ஸைக் கொண்டுவந்தது. ஜப்பானிய எழுத்துகளின் நுண்ணிய கோடுகளைச் சிறு ஃபிலிமில் தெளிவாகப் படியெடுக்க அது பயன்பட்டது. இன்றும் நிக்கான் தன் மேக்ரோ லென்ஸ்களை மைக்ரோ என்றே அழைக்கிறது. கடையில் இப்பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம்.

பாடப்புத்தகம் சொல்லும் கணக்கு

ஒளியியல் பாடத்தில் நாம் படித்ததை நினைவுகூர்வோம். குவிலென்ஸின் முன்னே இரு மடங்கு குவியத் தூரத்தில் பொருளை வைத்தால், பின்னே இரு மடங்கு குவியத் தூரத்தில் அதே அளவுள்ள தலைகீழ் பிம்பம் கிடைக்கும். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் தரும் இந்த வரியில்தான் மேக்ரோவின் இரகசியம் முழுவதும் அடங்கியுள்ளது.

50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸை எடுத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள மலையைப் படமெடுக்கும்போது பிம்பம் லென்ஸிலிருந்து 50 மில்லிமீட்டரில் விழும். ஒன்றுக்கு ஒன்று வேண்டுமானால் பிம்பம் 100 மில்லிமீட்டரில் விழ வேண்டும். அதாவது லென்ஸை இன்னும் 50 மில்லிமீட்டர் முன்னே தள்ள வேண்டும். 25 மில்லிமீட்டர் மட்டும் தள்ளினால் பாதி அளவுப் பிம்பம் கிடைக்கும். தள்ளிய தூரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். இவ்வளவே கணக்கு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. லென்ஸுக்கும் பிம்பத்துக்கும் இடையேயுள்ள தூரம் இரட்டித்தால், அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவும். எனவே படத்துக்குக் கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மேக்ரோ படங்கள் இருண்டு போவது இதனால்தான்.

பணத்துக்கு ஏற்ற வழிகள்

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள். குறைந்த செலவிலிருந்து தொடங்குவோம்.

1. கை லென்ஸ்: பத்து மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நகை மதிப்பிடுபவர் கையில் இதைக் காணலாம். இதன் குவியத் தூரம் 2.5 சென்டிமீட்டர், 25-ஐ 2.5-ஆல் வகுத்தால் பத்து. லென்ஸைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு, பொருளை அதனிடம் கொண்டுவர வேண்டும். மல்லாட்டை இலையின் அடிப்பக்கத்தில் இருப்பது துரு நோயின் ஆரஞ்சுப் பொடியா, அசுவினிக் கூட்டமா என்று அறிய இதுவே போதும்.

2. கைப்பேசிக்கான கவ்வு லென்ஸ்: இதுவும் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. வீட்டுக் கைப்பேசியின் லென்ஸ் மேல் கவ்வி வைத்தால் போதும். நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் சற்று மங்கலாகவும் தெரியும். பொருளுக்கு மிக அருகே செல்ல வேண்டும். சில கைப்பேசிகளில் மேக்ரோ ஏற்பாடு முன்பே உள்ளது. அதைச் சோதித்துப் பார்த்த பின் வாங்குவது நலம்.

3. முன் லென்ஸ்: காமிரா லென்ஸின் முன்னே திருகிப் பொருத்தும் குவிலென்ஸ் இது. பெட்டியின் மேல் கூட்டல் குறியோடு 1, 2, 4, 10 என்று எழுதியிருப்பார்கள். இவை நாம் படித்த டயாப்டர் அளவுகளே. 4 டயாப்டர் என்றால் குவியத் தூரம் 25 சென்டிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸின் முன் இதைப் பொருத்தி, லென்ஸின் குவிப்பைத் தொலைவுக்கு வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுப் பிம்பம் கிடைக்கும். பூக்களுக்கு இது போதும், அசுவினிக்குப் போதாது.

4. திருப்புவளையம்: லென்ஸைப் பின்முன்னாகக் காமிராவில் பொருத்தும் வளையம். 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பி மாட்டினால் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். ஃபிலிம் காமிராவோடு வந்த பழைய லென்ஸ் உறவினர் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்புங்கள். துவாரத்தைக் கையால் திருப்பும் வளையம் பழைய லென்ஸ்களில் இருப்பதால் அவையே இதற்கு ஏற்றவை. பொருள் லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். லென்ஸின் பின்கண்ணாடி வெளியே தெரிவதால் கீறல் படாமல் காக்க வேண்டும்.

5. நீட்டிப்புக் குழாய்: காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பொருத்தும் வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது. மேலே கண்ட கணக்குப்படி லென்ஸை முன்னே தள்ளுவது மட்டுமே இதன் வேலை. மின் தொடர்பு இல்லாதவை மலிவு. உள்ளவை சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

6. உண்மையான மேக்ரோ லென்ஸ்: புதிதாக வாங்கினால் பெரும்பாலும் ஐந்து இலக்கத் தொகை வேண்டும். கையால் குவிக்கும் பழைய மேக்ரோ லென்ஸ் கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும்.

நகருமா, நகராதா?

பட்டியலைப் பார்த்தவுடன் ஆறாவதே சிறந்தது என்று தோன்றும். பொறுங்கள். நீங்கள் பார்க்க விரும்பும் பொருள் நகருமா, நகராதா?

வானூர் வட்டத்தில் திருவக்கரை என்னும் ஊர் உள்ளது. அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் பொருள் சிறிது சிறிதாக நீங்கி, அந்த இடத்தைச் சிலிகா நிரப்பியதால் மரத்தின் அமைப்பு அப்படியே தங்கிவிட்டது. அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது. கண்ணால் பார்த்துப் படமாக மட்டுமே நாம் கொண்டுவர முடியும். கல் ஓடிப் போகாது. அதற்கு கைப்பேசிக் கவ்வு லென்ஸோ திருப்புவளையமோ போதும். மரக்காணம் உப்பளத்து உப்புக் கல்லின் கனசதுர வடிவுக்கும், செம்பருத்தி மகரந்தத்துக்கும், இலைப் புள்ளிக்கும் அப்படியே.

ஆனால் கழுவேலி ஏரிக்கரைத் தட்டானோ, எருக்கம்பூ நாடும் வண்ணத்துப்பூச்சியோ சில சென்டிமீட்டர் வரை நம்மை நெருங்க விடாது. அங்கேதான் குவியத் தூரம் மிகுந்த மேக்ரோ லென்ஸ் உதவும். ஒன்றுக்கு ஒன்று கிடைக்க, 50 மில்லிமீட்டர் லென்ஸானால் பொருள் 10 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டரானால் கணக்குப்படி 20 சென்டிமீட்டர். கடையில் விற்கும் லென்ஸ்களில் இந்த இடைவெளி சற்றுக் குறையலாம். நீண்ட லென்ஸுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த இடைவெளிக்கான விலையே. நகராத பொருளைப் பார்ப்பவர் அப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

காசு கொடுக்காமல் கிடைப்பவை

ஒன்றுக்கு ஒன்று அளவில், துவாரத்தை எஃப் 8 என்று வைத்தாலும், தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டரே. மூச்சு விட்டால்கூடப் படம் கலையும். துவாரத்தை மிகவும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மழுங்கும். விலை உயர்ந்த லென்ஸும் இவ்விதிகளுக்கு விலக்கன்று.

எனவே அசையாமையும் ஒளியும் முக்கியம். மணல் நிரப்பிய துணிப்பை காமிராவைத் தாங்கும். காற்று குறைந்த காலை வேளையே நல்ல வேளை. பொருளின் நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். குவிப்பு வளையத்தைத் திருகிக்கொண்டிராமல் உடலை மெல்ல முன்பின் நகர்த்திக் குவிக்கப் பழகுங்கள். எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கவே கூடாது.

பழைய லென்ஸ் வாங்கும்போது

லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்க வேண்டாம். துவாரத் தகடுகள் எண்ணெய்ப் பசையின்றி உடனே விரிந்து சுருங்க வேண்டும். குவிப்பு வளையம் தங்குதடையின்றிச் சுழல வேண்டும். உங்கள் காமிராவில் பொருந்துமா என்று மாட்டிப் பாருங்கள். சிறு தூசு படத்தைக் கெடுக்காது; அதைக் காட்டி விலை குறைக்கக் கேட்கலாம்! மழைக்காலத்தில் மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலங்களோடு வைத்தால் லென்ஸ் நெடுநாள் உழைக்கும்.

முடிவாக

முதலில் பத்து மடங்கு கை லென்ஸ் வாங்குவோம். ஒரு பருவம் முழுவதும் அதைப் பயன்படுத்துவோம். நமக்குப் பிடித்தது கல்லா, பூவா, பூச்சியா என்பது அதற்குள் விளங்கிவிடும். கையில் காமிரா இருந்தால், அடுத்து திருப்புவளையமோ நீட்டிப்புக் குழாயோ வாங்கலாம். பறப்பவற்றைத் தேடுவோர் மட்டும் பணம் சேர்த்து உண்மையான மேக்ரோ லென்ஸுக்குப் போகட்டும். தமிழில் காட்டுயிர் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் அவர்கள் (1912–1996) பல கருவிகளின் பாகங்களை இணைத்து அமைத்த காமிராவால் யானைகளைப் படமெடுத்தவர். கருவி புதியதாக இல்லை என்பது அவருக்குத் தடையாகவில்லை.

எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் பொருளின் அருகே ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். தேதி, ஊர், செடியின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அத்தகைய படத்தையும் இலையையும் வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டினால், அங்குள்ளோர் நோயை அறிந்து வழி சொல்ல எளிதாகும். நம் வகுப்பில் மல்லாட்டைக் கொல்லை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பலர். அடுத்த பட்டத்துக்குள் நாற்பது பேருக்கு நான்கு கை லென்ஸ்களாவது வாங்கிவிடுவோம்; முறை வைத்துப் பார்ப்போம், வாருங்கள்!