நாளுக்கொரு ஏடு



அன்புக்கொடி மக்களில் பலர் ஒரு பெரிய காரியத்தை மனத்தில் சுமந்துகொண்டே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். கடனை அடைக்க வேண்டும், குடியை விட வேண்டும், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும், அகிலத்திரட்டு அம்மானையை ஒருமுறையாவது முழுதாக வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது; தொடக்கம் இல்லை. காரியம் மலையாகத் தெரிவதால் கை தயங்குகிறது. இந்தத் தயக்கமும் கலியின் பிடிதான்.

அய்யா வைகுண்டர் சுவாமித்தோப்பில் இருந்த தவம் ஆறு ஆண்டு. அது இரண்டிரண்டு ஆண்டாக மூன்று நிலைகளில் நடந்தது. வாகைப்பதியில் 700 குடும்பத்தாரைத் துவையல் தவசு இருக்கச் செய்தபோதும், நாள்தோறும் குளிப்பது, துணி துவைப்பது, பச்சரிசியும் சிறுபயறும் உண்பது என்ற எளிய ஒழுங்குகளையே அய்யா கொடுத்தார். அந்த எளிய ஒழுங்கு தினமும் தவறாமல் நடந்ததால், ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்கள் தலைநிமிர்ந்தார்கள்.

இந்த உண்மையைச் சென்னையிலும் காணலாம். அடையாறை அடுத்த பெசன்ட் நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. அங்கே காக்கப்படும் ஓலைச்சுவடிகள் ஒரு மனிதரின் அன்றாட உழைப்புக்குச் சாட்சி.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவரிடம், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அவர் அதைப் படித்திருக்கவில்லை. அன்று பிடித்த வேலை 1887இல்தான் அச்சு நூலாக முடிந்தது. பகலில் கல்லூரிப் பாடம். மிச்ச நேரத்தில் ஏடு. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எது, நெடில் எது என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது, அவ்வூர்ச் சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை வந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியிருந்தபோதும் ஏடு கையை விட்டுப் போகவில்லை. 1942இல் அவர் மறையும் வரை அந்த வேலை ஓயவில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஏடு தேடி அவர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சாம்பலில் என்னென்ன நூல்கள் போயினவோ, யாருக்கும் தெரியாது. மெதுவாகச் செய்வது வேறு, தள்ளிப்போடுவது வேறு. மெதுவாகச் செய்கிறவன் கையில் நூல் மிஞ்சும். தள்ளிப்போடுகிறவனுக்குச் சாம்பல்தான் மிஞ்சும்.

அன்புக்கொடி மக்களுக்கும் ஓர் ஏடு உண்டு. 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு, 1939இல்தான் அச்சேறியது. இடைப்பட்ட 98 ஆண்டுகளும் அதை ஓலையில் படியெடுத்தும் பதிகளிலும் தாங்கல்களிலும் வாசித்தும் காத்தவர்கள் சாதாரணக் குடிமக்கள். அவரவர் பங்கை அவரவர் செய்ததால் ஏடு நம் கைக்கு வந்தது.

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். தென்மாவட்டங்களிலிருந்து வந்து தியாகராய நகரில் கடையில் நிற்பவருக்கும், மயிலாப்பூரில் மளிகை நடத்துபவருக்கும் நேரம் குறைவுதான். ஆனாலும் அகிலம் 15,000 வரிகளுக்குச் சற்று மேல். நாளுக்கு 45 வரி வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். நாளுக்கு 50 ரூபாய் உண்டியலில் போட்டால் ஆண்டுக்கு 18,250 ரூபாய் சேரும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக வட்டிக்காரர் வாசலில் நிற்கும் நிலை அந்தக் குடும்பத்துக்கு வராமல் போகலாம்.

இதற்கு மூன்று காரியங்கள் போதும். முதலாவது, அளவைச் சிறிதாக வைக்க வேண்டும். உடல் சோர்ந்த நாளிலும் செய்யக்கூடிய அளவாக அது இருக்கட்டும். இரண்டாவது, தினமும் நடக்கும் ஒன்றோடு அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; காலையில் திருநாமம் இட்டதும் வாசிப்பு, இரவில் கடை அடைத்ததும் உண்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடக் கூடாது. மறுநாள் இரண்டு பங்கு சுமக்கவும் வேண்டாம். வழக்கமான பங்கைச் செய்தால் போதும். குடியை விட முயல்பவருக்கு இது மிகவும் பொருந்தும். இன்று ஒரு நாள் தொடாமல் இருப்பதே அவருடைய பங்கு. பதியில் கூட வணங்கும் அன்பர்களும், தேவைப்பட்டால் மருத்துவரும் துணை நிற்கட்டும்.

நிலைக்கண்ணாடி முன் நிற்கும்போது அய்யா தமக்குள்ளே இருக்கிறார் என்று உணர்கிறவர், இன்றைய பங்கைக் கேட்டால் போதும். நாளைய பங்கை அய்யா நாளைக்குத் தருவார்.

அய்யா துணை.